கடனும் கணக்கும்

கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. செய்தே தீரவேண்டிய கடமை என்பது ஒன்று. பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பொருள் என்பது மற்றொன்று. இரண்டனையும் ஒரே சொல்லால் வழங்கிய முன்னோர், வாங்கிய பொருளைத் திருப்பித் தருதலும் ஒரு கடமையே எனக் கருதினர் போலும். அக்கருத்து இன்றும் மக்கள் உள்ளத்தில் ஊன்றி நிற்கிறது. கடன்பட்டவர் பலர், கொடுத்தவரைக் கண்டால் தலை குனிகின்றனர். அவர் இருக்கும் தெருவை விட்டு வேறு தெரு வழியே செல்கின்றனர். மனைவி மக்களிடமும் உண்மை நிலையைச் சொல்லாமல் மறைக்கின்றனர். இந்நாணம் நல்லியல்பின் அடையாளமே. ஆயினும், கடன் செழித்து வளர்வதற்கு இதைவிட ஏற்ற நிலம் வேறில்லை. மறைத்து வைத்த கடனுக்கு ஒருவரும் கணக்குப் பார்ப்பதில்லை. கணக்குப் பாராத கடனின் அளவு, கொடுத்தவர் சொல்லும் அளவாகவே ஆகிவிடுகிறது.

கடன் வாங்குதல் இழிவான செயலன்று. உழவு, நெசவு, வாணிகம் ஆகிய எல்லாத் தொழிலும் முதலீட்டை வேண்டுவன. கையில் முதல் இல்லாதவர் பிறரிடம் பெற்றே தொழிலைத் தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் இவ்வழக்கம் மிகப் பழமையானது. தஞ்சைப் பெருங்கோயிலை இராசராச சோழன் 1010-ஆம் ஆண்டில் கட்டி முடித்தான். கோயிலுக்கு வந்த காசைப் பல ஊர்ச் சபையார் கடனாகப் பெற்றனர். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி செலுத்த அவர்கள் உடன்பட்டனர். அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. எனவே வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை ஆகும். வட்டிக்கு அக்காலத்தில் பொலிசை என்று பெயர். யார் பெற்றனர், எவ்வளவு பெற்றனர், பொலிசை எவ்வளவு, அது எந்தச் செலவுக்கு உரியது என்னும் செய்திகள் யாவும் கோயிற் கல்லிலேயே வெட்டப்பட்டுள்ளன. படிக்கத் தெரிந்த எவரும் அதனைப் படிக்கலாம். கொடுத்தவர் கூட்டிச் சொல்லவும் இயலாது. வாங்கியவர் குறைத்துச் சொல்லவும் இயலாது.

இக்காலத்தில் ஊர்களில் வட்டி பேசும் முறை வேறு. ‘நூற்றுக்கு இரண்டு’, ‘நூற்றுக்கு ஐந்து’ என்று சொல்வர். கேட்பதற்கு அது சிறிய எண்ணாகவே தோன்றும். ஆனால் அது மாத வட்டி என்பதனைப் பலர் நினைவிற் கொள்வதில்லை. நூற்றுக்கு இரண்டு எனின் ஆண்டுக்கு 24 விழுக்காடு. நூற்றுக்கு ஐந்து எனின் ஆண்டுக்கு 60 விழுக்காடு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஊர்ச் சபையார் செலுத்திய பொலிசையை விட இது ஏறத்தாழ ஐந்து மடங்கு. வட்டியை ஆண்டுக் கணக்காக மாற்றிப் பார்த்தலே கடன்பட்டவர் கற்க வேண்டிய முதற் கணக்கு. மாத வட்டியைப் பன்னிரண்டால் பெருக்கினாற் போதும். ஐந்தாம் வகுப்பு மாணவனும் செய்யத்தக்க இப்பெருக்கலைச் செய்யாமல், ஆண்டுக் கணக்கில் வட்டி செலுத்தி வருவோர் பல்லாயிரவர்.

தண்டல் என்னும் கடனில் இக்கணக்கு இன்னும் மறைவாக உள்ளது. தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர் ஒருவர் தண்டல்காரரிடம் 10,000 ரூபாய் கேட்கிறார் எனக் கொள்க. தண்டல்காரர் 1,000 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு 9,000 ரூபாயை அவரிடம் தருகிறார். நாள்தோறும் 100 ரூபாயாக நூறு நாளில் 10,000 ரூபாயைத் தண்டிக்கொள்கிறார். பத்தாயிரத்துக்கு ஆயிரம்தானே வட்டி, பத்து விழுக்காடுதானே என்று வண்டிக்காரர் எண்ணுகிறார். ஆனால் அவர் கைக்கு வந்தது 9,000 ரூபாயே. அதுவும் நூறு நாளும் அவரிடம் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே குறைந்துகொண்டு வருகிறது. நூறு நாளுக்கும் சராசரி பார்த்தால் அவரிடம் இருந்த கடன் ஏறத்தாழ 4,500 ரூபாயே ஆகும். அதற்கு நூறு நாளில் 1,000 ரூபாய் வட்டி. ஆண்டுக் கணக்கில் இது 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். வங்கிக்குச் சென்று காத்திருக்க நேரமில்லாதவரும், ஈடு காட்டப் பொருளில்லாதவரும் இதனைப் பெறுகின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. விடியற்காலையில் சந்தையில் சரக்கு எடுக்கவேண்டியவருக்குப் பணம் அந்நேரத்தில் வேண்டும். ஆனால் பணத்தின் விலை இன்னது என்று தெரிந்து வாங்குவதற்கும் தெரியாமல் வாங்குவதற்கும் வேறுபாடு மிகுதி.

காஞ்சிபுரத்தை அடுத்த ஊரொன்றில் கைத்தறி நெசவுக் குடும்பம் ஒன்று இருப்பதாகக் கொள்வது இக்கணக்கை விளக்க உதவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் நீர் ஊறும். தெருவில் பாவு விரித்துச் சரிசெய்ய இயலாது. வேலை நின்றாலும் வயிறு நிற்பதில்லை. இவ்வாறு ஆண்டுதோறும் சில வாரங்கள் கைமாற்று வாங்கியே கழிப்பது நெசவாளர் பலர்க்கு வழக்கம். இக்குடும்பத்துக்கு மூன்று கடன்கள் உள்ளன. தாயின் நகைகளை வங்கியில் ஈடாக வைத்து வாங்கியது 40,000 ரூபாய். ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. மூத்த மகளின் திருமணத்திற்காக அறிந்தவர் ஒருவரிடம் வாங்கியது 30,000 ரூபாய். மாதம் நூற்றுக்கு இரண்டு. தந்தை நோயுற்றபோது அவசரமாக வட்டிக் கடையில் வாங்கியது 20,000 ரூபாய். மாதம் நூற்றுக்கு ஐந்து. தந்தைக்கு நாற்பதாயிரமே பெருங்கவலை. அதுவே பெருந்தொகை, மேலும், தாயின் கழுத்து வெறுமையாக இருப்பதைச் சுற்றத்தார் காண்கின்றனர். இருபதாயிரத்தை அவர் சிறு கடன் என்றே எண்ணியிருந்தார்.

பத்தாம் வகுப்பில் படிக்கும் இளைய மகள் ஒரு நாள் மாலையில் ஏடு ஒன்றை எடுத்து, யாருக்கு, எவ்வளவு, என்று வாங்கியது, வட்டி என்ன, கையெழுத்திட்டது எது என்று தந்தையைக் கேட்டு ஒவ்வொன்றாக எழுதினாள். முதலில் அவர் சொல்லத் தயங்கினார். தாய்க்கே தெரியாத செய்திகள் சில அதில் இருந்தன. எழுதி முடித்தபின் கண்ட கணக்கு இது: நகைக்கடனுக்கு மாத வட்டி 400 ரூபாய், திருமணக் கடனுக்கு 600 ரூபாய், வட்டிக் கடைக்கு 1,000 ரூபாய். ஆக, மாதம் 2,000 ரூபாய் வட்டியாகவே போய்க்கொண்டிருந்தது. அதில் சரிபாதி, மூன்று கடன்களிலும் சிறியதற்கே சென்றது. ஓராண்டில் 24,000 ரூபாய் செலுத்தியும் முதலில் ஒரு ரூபாயும் குறையவில்லை.

தீபாவளிக்கு முன்னர் நெய்து கொடுத்த சேலைகளின் கூலி நிலுவை 20,000 ரூபாய் ஒருங்கே வந்தது. நகையில் பாதியை மீட்டு வரலாம் என்பது தந்தையின் எண்ணம். அவ்வாறு செய்தால் மாத வட்டியில் 200 ரூபாய் குறையும். திருமணக் கடனில் செலுத்தினால் 400 ரூபாய் குறையும். வட்டிக் கடைக் கடனைத் தீர்த்தாலோ 1,000 ரூபாய் குறையும். ஏட்டில் எழுதாத வரையில் இம்மூன்றும் ஒன்றுபோலவே தோன்றின. வட்டிக் கடைக் கடனைத் தீர்த்த பின்னர், முன்பு செலுத்தி வந்த அதே 2,000 ரூபாயை மாதந்தோறும் தவறாமல் செலுத்தி வந்தால், 400 ரூபாய் நகைக்கடன் வட்டிக்குப் போக, எஞ்சிய 1,600 ரூபாய் திருமணக் கடனுக்குச் செல்லும். அக்கடன் 24 மாதத்தில் தீரும். பிறகு 2,000 ரூபாயும் நகைக்கடனுக்குச் சென்றால், அடுத்த 23 மாதத்தில் நகைகள் வீடு வந்து சேரும். நான்கு ஆண்டுக்குள் மூன்று கடன்களும் தீர்கின்றன. மாதச் செலவு ஒரு ரூபாயும் கூடவில்லை. வட்டி மிகுந்த கடனை முதலில் தீர்க்க வேண்டும் என்னும் முறைக்கு உள்ள ஆற்றல் இதுவே. உள்ளம் பெரிய கடனையே அஞ்சும். கணக்கோ விலையுயர்ந்த கடனைச் சுட்டிக் காட்டும்.

வட்டிக் கடைக் கடனைத் தீர்க்காமல் விட்டிருந்தால் நேர்வது யாது? புரோநோட்டு என்னும் கடனுறுதிச் சீட்டின்மேல் வழக்குத் தொடுக்கச் சட்டம் மூன்று ஆண்டுக் காலம் தருகிறது. அக்காலம் முடியும் தறுவாயில் கொடுத்தவர் புதிய சீட்டு எழுதித் தருமாறு கேட்பார். அதுகாறும் வட்டி செலுத்தப்படவில்லை எனின், அவ்வட்டியும் முதலோடு சேர்ந்துவிடும். 20,000 ரூபாய்க்கு மாதம் 1,000 ரூபாய் வீதம் மூன்றாண்டு வட்டி 36,000 ரூபாய். புதிய சீட்டில் முதல் 56,000 ரூபாய் என்று எழுதப்படும். அன்றுமுதல் மாத வட்டி 2,800 ரூபாய் ஆகும். கையில் ஒரு காசும் புதிதாக வாங்காமலே கடன் ஏறத்தாழ மும்மடங்காகிறது. ‘வட்டி குட்டி போடும்’ என்று ஊரார் சொல்வது இதனையே.

படிக்கத் தெரியாதவர் கையொப்பமிட்ட தாளுக்கு எத்துணை ஆற்றல் உண்டு என்பதனை 1875-ஆம் ஆண்டில் தக்காணம் கண்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. உழவர்க்குக் கடன் தாராளமாகக் கிடைத்தது. 1865-இல் போர் முடிந்தபின் விலை வீழ்ந்தது, கடன் வீழவில்லை. 1875 மே மாதத்தில், பூனா மாவட்டத்துச் சூபா என்னும் சந்தையூரில் தொடங்கி, உழவர் பல ஊர்களில் வட்டிக் கடைக்காரர் வீடுகளில் புகுந்தனர். அவர்கள் முதன்மையாகத் தேடியது கடன் பத்திரங்களையும் கணக்குப் புத்தகங்களையுமே. அவற்றைக் குவித்துத் தீயிட்டனர். தம்மால் படிக்க முடியாத தாள்களே தம் நிலத்தைப் பறிக்கின்றன என்பதனை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். கலகத்தை அரசு அடக்கியது. ஆயினும் 1879-இல் தக்காண உழவர் துயர் தீர்ப்புச் சட்டத்தை இயற்றியது. உழவர் எழுதித் தரும் பத்திரங்கள் ஊர்ப் பதிவாளர் முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்றும், பத்திரத்தில் எழுதிய தொகையோடு நில்லாமல் கடனின் தொடக்கம் முதல் நிகழ்ந்த கொடுக்கல் வாங்கலை நீதிமன்றம் ஆராயலாம் என்றும் அச்சட்டம் வகுத்தது.

சென்னை மாகாணம் வேறொரு வழியையும் தேடியது. மாகாண அரசு 1892-இல் பிரடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை, ஐரோப்பிய நாட்டு உழவர் வங்கிகளை ஆராயுமாறு பணித்தது. செருமனியில் ரைஃபைசன் என்பவர் ஊர்த்தலைவராக இருந்தபோது 1846, 1847-ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தைக் கண்டு, பின்னர் ஏழை உழவரை ஒன்றுசேர்த்துக் கடன் சங்கங்களை அமைத்திருந்தார். தனி ஒருவரை நம்பிக் கடன் தர எவரும் முன்வராத நிலையில், ஊரார் அனைவரும் ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்றுக் கூட்டாகக் கடன் பெறுதலே அவர் கண்ட முறை. உறுப்பினர் ஒருவரையொருவர் நன்கு அறிந்தவராதலின், இவர் எதற்கு வாங்குகிறார், திருப்பித் தருவாரா என்பது எவர்க்கும் மறைவன்று. நிக்கல்சன் தம் அறிக்கையை 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டு, இம்முறையையே இந்நாட்டுக்கும் பரிந்துரைத்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் வேளாண்மைக் கடன் சங்கம் அமைந்தது. அவ்வூர் இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சார்ந்தது. இன்றைய தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் அவ்வழி வந்தவையே. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களும் அதே கருத்தின் மறுபிறப்பு எனலாம். வட்டி மிகுந்த கடனைத் தீர்க்கச் சங்கத்திலோ வங்கியிலோ குறைந்த வட்டியில் கடன் பெறுதல் அறிவுடைமையே. ஆனால் அப்பணம் பழைய கடனைத் தீர்க்கவே செல்ல வேண்டும். ஒரு குழுவின் தவணையைக் கட்ட இன்னொரு குழுவில் வாங்கி, அதனைக் கட்ட மூன்றாவதில் வாங்கும் நிலை வந்துவிட்டால் அது கடனை மாற்றுதலாகாது, பெருக்குதலே ஆகும்.

கடன்பட்டவர்க்குச் சட்டம் தரும் காப்புகளும் சில உள. அவற்றை அறியாமையே பெரும்பாலான அச்சத்திற்குக் காரணம். கடனைத் திருப்பித் தர இயலாமை குற்றமன்று. அது உரிமையியல் வழக்கு மட்டுமே. பணம் இருந்தும் தர மறுப்பவரைத் தவிர, வறுமையால் தர முடியாதவரைச் சிறையில் அடைத்தல் கூடாது என 1980-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் செலுத்தவேண்டிய தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகப் பெண்களைக் கைது செய்தல் அறவே இல்லை. நீதிமன்றம் ஒருவருடைய பொருளைப் பற்றுகை செய்யும்போதும், அவருடைய குடும்பத்தின் உடைகள், சமையல் பாத்திரங்கள், படுக்கை ஆகியவற்றையும், சமய வழக்கப்படி பெண்கள் கழற்றலாகாத அணிகளையும் தொடுதல் ஆகாது. கைவினைஞரின் தொழிற்கருவிகளும், உழவரின் ஏர் முதலியனவும் அவ்வாறே காக்கப்பட்டுள்ளன. காஞ்சிபுரத்து நெசவாளரின் தறியை எடுத்துச் செல்வேன் என்று ஒருவர் மிரட்டுவாராயின், 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு அவர்க்கு விடையாகும்.

தந்தை பட்ட கடன் மகன் தலையில் விழும் என்று ஊரில் சொல்வர். தந்தை விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கே அக்கடன் செல்லும். மகன் தன் உழைப்பால் ஈட்டிய பொருளை அது தொடாது. மகனாகப் பிறந்தமையால் அறவழியில் தீர்த்தே ஆகவேண்டும் என்னும் பழைய இந்து சட்ட விதியும், 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் ஏற்பட்ட கடன்களுக்கு இல்லை. முன்பணம் கொடுத்து, அது தீரும் வரையில் வேறெங்கும் செல்லவிடாமல் ஒருவரையோ அவர் பிள்ளைகளையோ வேலை வாங்குதல் கொத்தடிமை முறையாகும். 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்ததோடு, அம்முன்பணக் கடனையும் இல்லாததாக்கியது. செங்கற் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் இருந்து மீட்கப்பட்ட தொழிலாளர் பலர் இச்சட்டத்தாலேயே விடுதலை பெற்றனர்.

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் மிகைவட்டி வாங்குதலைத் தடுக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று மக்கள் வழங்கும் பெயர்களையே அச்சட்டம் எடுத்தாண்டுள்ளது. சட்டத்தின் வறண்ட நடையில் தெருவின் சொற்கள் இடம்பெற்ற அரிய காட்சி அது. அரசு குறித்த வட்டிக்கு மேல் வாங்குவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை ஒறுப்புப் பணமும் உண்டு. கடன்பட்டவர், முதலையும் அரசு குறித்த வட்டியையும் நீதிமன்றத்தில் செலுத்தி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யுமாறு விண்ணப்பிக்கலாம். வழக்கறிஞர்க்குத் தரப் பொருளில்லையே என்று தயங்க வேண்டுவதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சட்டப்பணிகள் ஆணைக்குழு ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளது. பெண்கள், பட்டியல் இனத்தார், வருவாய் குறைந்தோர் ஆகியோர்க்கு அங்கே இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பர். 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் அறிவுரை பெறலாம்.

இத்துணைக் காப்புகளையும் ஒரு கையெழுத்தால் இழந்துவிடுதலும் உண்டு. வெற்றுத்தாளிலோ, தொகை எழுதாத புரோநோட்டிலோ கையொப்பமிட்டால், அதனைப் பெற்றவர் தொகையை நிரப்பிக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. வெற்றுக் காசோலை இன்னும் கொடியது. கடன் தீராமை குற்றமன்று எனினும், கடனுக்காகத் தந்த காசோலை பணமின்றித் திரும்புதல் குற்றமே. அதற்கு இரண்டாண்டு வரை சிறை உண்டு. அவ்வாறு திரும்பிய காசோலைக்கு அறிவிப்பு வந்தால், கையிற் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் பணத்தைச் செலுத்த வேண்டும். அறிவிப்பை வாங்காமல் திருப்பி அனுப்புவது பயன் தராது. ஜாமீன் கையெழுத்தும் வெறும் மரியாதைக்காக இடுவதன்று. வாங்கியவரைக் கேளாமல் ஜாமீன்தாரரிடமே முழுத்தொகையையும் கேட்க, கொடுத்தவர்க்கு உரிமை உண்டு.

அண்மைக் காலத்தில் வட்டிக் கடை கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டது. சில நிமிடத்தில் பணம் தரும் செயலிகள் பல உள்ளன. அவற்றுள் முறையாக நடப்பனவும் உண்டு. வாங்கியவருடைய கைப்பேசியிலுள்ள உறவினர் எண்களையும் படங்களையும் கவர்ந்து, தவணை தவறியதும் இழிமொழிகளோடு பலர்க்கும் அனுப்பி அச்சுறுத்துவனவும் உண்டு. இங்கும் நாணமே ஈடாக வைக்கப்படுகிறது. 2022-இல் இந்திய ரிசர்வ் வங்கி வகுத்த நெறிகளின்படி, கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்தல் கூடாது. கடன் தொகை வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வரவேண்டும். எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு வட்டியை முன்னரே எழுத்தில் காட்ட வேண்டும். தண்டுவோர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைத்தல் ஆகாது. அச்சுறுத்தப்பட்டவர் செய்திகளை அழித்துவிடாமல் வைத்துக்கொண்டு, 1930 என்னும் எண்ணில் இணையக் குற்றப் பிரிவுக்குத் தெரிவிக்கலாம்.

தவணை செலுத்த முடியாது என்று தெரிந்தவுடன், அந்நாள் வருமுன்னரே கொடுத்தவரிடம் சென்று நிலைமையைச் சொல்லுதல் நலம். தவணை நாள் கழிந்து ஒளிந்திருப்பவர்க்குக் கிடைக்காத கால நீட்டிப்பு, முன்கூட்டி வந்து, மாதம் இவ்வளவு தர இயலும் என்று கணக்கைக் காட்டுபவர்க்குப் பெரும்பாலும் கிடைக்கும். வங்கிகளும் தவணைத் தொகையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தருவதுண்டு. அவ்வாறு பேசும்போது, குடும்பத்தின் உணவு, பள்ளிச் செலவு, மருந்துச் செலவு ஆகியவற்றை ஒதுக்கிய பின் எஞ்சுவதையே வாக்களிக்க வேண்டும். அச்சத்தில் மிகுதியாக வாக்களித்துவிட்டு இரண்டாம் மாதமே தவறினால், முதலிலிருந்த நம்பிக்கையும் போய்விடும். வங்கியின் செயலில் குறை இருப்பின், முதலில் வங்கிக்கே எழுத்தில் முறையிட வேண்டும். 30 நாளில் தக்க விடை வராவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்க்குக் கட்டணமின்றி எழுதலாம்.

செலுத்தும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது பெறுதல் வேண்டும். புரோநோட்டுக் கடனாயின், செலுத்திய தொகையையும் நாளையும் அச்சீட்டின் பின்புறத்தில் வரவு வைத்துக் காட்டுமாறு கேட்க வேண்டும். கடன் முழுதும் தீர்ந்தபின் சீட்டைக் கையோடு திரும்பப் பெறுதல் இன்றியமையாதது. தேடி எடுத்துத் தருகிறேன் என்பாராயின், கடன் தீர்ந்துவிட்டது, சீட்டு இனிச் செல்லாது என்று எழுதிக் கையொப்பமிட்ட ரசீதையேனும் அன்றே பெற வேண்டும். நகையை மீட்கும்போது அடகுச்சீட்டிலுள்ள எடையோடு ஒப்பிட்டு நிறுத்துப் பார்ப்பது எவர்க்கும் குறையன்று. வீட்டுப் பத்திரத்தை ஈடாகப் பெற்ற வங்கி, கடன் தீர்ந்த 30 நாளில் அதனைத் திருப்பித் தர வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் வீதம் வங்கி தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதி.

நெசவாளர் 20,000 ரூபாயை எடுத்துக்கொண்டு வட்டிக் கடைக்குச் சென்றபோது, பள்ளி விடுமுறையாதலின் மகளும் உடன் சென்றாள். கடைக்காரர் பணத்தை எண்ணி வாங்கிப் பெட்டியில் வைத்தார். சீட்டு எங்கோ இருக்கிறது, பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார். நெசவாளர் எழுந்துவிட்டார். “ஐயா, நாங்கள் காத்திருக்கிறோம், தேடிக் கொடுங்கள்” என்று மகள் பணிவாகச் சொல்லித் திண்ணையிலேயே அமர்ந்தாள். சற்று நேரத்தில் சீட்டு கிடைத்தது. கடைக்காரர் அதன் குறுக்கே கோடிட்டு, ‘பைசல்’ என்று எழுதி, நாள் குறித்துக் கையொப்பமிட்டுத் தந்தார். வீட்டிற்கு வந்ததும் மகள் அதனை ஏட்டில் உரிய பக்கத்தில் ஒட்டினாள். அடுத்த பக்கத்தின் தலைப்பில் 30,000 என்று எழுதி, அதன்கீழ் முதல் மாதத்து 1,600 ரூபாய்க்கு இடம் விட்டு வைத்தாள்.